“வீட்டுல சும்மாதான் இருக்கேன்!”

நீங்கள் யார் என்று இந்திய அரசாங்கத்தைக் கேட்டால் இரண்டு இலக்கத்தில் பதில் வரும். சொந்த நிலத்திலோ கடையிலோ தானே பாடுபடுகிறவர் 11. குடும்பத் தொழிலில் சம்பளம் வாங்காமல் கைகொடுக்கிறவர் 21. மாதச் சம்பளக்காரர் 31. தினக்கூலி 51. வேலை தேடுகிறவர் 81. படிக்கிறவர் 91. வீட்டு வேலை மட்டும் பார்க்கிறவர் 92. பென்ஷனிலோ வாடகையிலோ காலம் தள்ளுகிற பாக்கியசாலி 94.

மத்தியப் புள்ளியியல் அமைச்சகத்தின் கள ஊழியர் கையில் டேப்லெட்டோடு வாசலில் வந்து நிற்பார். வீட்டில் யார் இருக்கிறார்களோ அவர்களிடம் கேட்பார். பெரும்பாலும் ஒருவரே வீட்டில் உள்ள எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்லிவிடுவார். அந்தப் பதில்கள் எண்களாக மாறி, லட்சக்கணக்கான எண்களோடு கலந்து, ஒரு நாள் மாலை நான்கு மணிக்கு டெல்லியில் அறிக்கையாக வெளிவரும். மறுநாள் காலை நம் செய்தித்தாளில் ஒரு வரி: ‘வேலையின்மை 5.1 சதவீதம்.’ ஆளுங்கட்சி அந்த வரியைக் கொண்டாடும், எதிர்க்கட்சி கொந்தளிக்கும். டீக்கடையில் யாராவது ஒருவர், “எங்க தெருவுல வந்து எண்ணச் சொல்லுங்க” என்பார்.

அப்படியே ஒரு தெருவுக்குப் போய் எண்ணிப் பார்த்தால் என்ன? அதற்கு ஸ்ரீ சிட்டியைச் சுற்றியுள்ள ஊர்களைவிடப் பொருத்தமான இடம் கிடைக்காது. வேலையைப் பற்றி வெளியாகிற எல்லா வகை எண்களும் இங்கே ஒன்றோடொன்று மோதுகின்றன.

எல்லையோரத்து ஊர்

சென்னையிலிருந்து கொல்கத்தா நெடுஞ்சாலையில் வடக்கே 55 கிலோமீட்டர். கும்மிடிப்பூண்டி சிப்காட்டைக் கடந்து, ஆரம்பாக்கத்தோடு தமிழ்நாடு முடிந்து, தடா வந்ததும் இடதுபுறம் திரும்ப வேண்டும். சத்தியவேடு, வரதையபாளையம் மண்டலங்களின் ஊர்களை உள்ளடக்கி 2008-ல், ராஜசேகர ரெட்டி முதல்வராக இருந்தபோது தொடங்கப்பட்ட தனியார் தொழில் நகரம் இது. அப்போது சித்தூர் மாவட்டம். 2022 ஏப்ரலில் ஆந்திரம் மாவட்டங்களைப் பிரித்தபோது இந்தப் பகுதி திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. அதற்கும் முன்னால், 1960-ல் எல்லைக்கோடு மாறும்வரை, சத்தியவேடு செங்கற்பட்டு ஜில்லாவில் இருந்தது. திருத்தணி இந்தப் பக்கம் வந்த அதே ஏற்பாட்டில் சத்தியவேடு அந்தப் பக்கம் போயிற்று. ஆனாலும் பேச்சு மாறவில்லை. கடைப் பலகை தெலுங்கில் இருக்கும், கடைக்காரர் தமிழில் பேசுவார்.

இசுசு வண்டிகள், கேட்பரி சாக்லேட், டைகின் ஏசி, சென்னை மெட்ரோவுக்காக அல்ஸ்டாம் செய்த ரயில் பெட்டிகள், ஃபாக்ஸ்கான் பொருத்திய செல்போன்கள் என இங்கிருந்து புறப்பட்ட பொருள்களின் பட்டியல் நீளமானது. இருநூறுக்கும் மேற்பட்ட நிறுவனங்கள். அறுபதாயிரம் பேருக்கு மேல் நேரடி வேலை என்றும், அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் பெண்கள் என்றும் நிர்வாகம் சொல்கிறது. ஷிஃப்ட் மாறுகிற நேரத்தில் கம்பெனி பஸ்கள் தடா பக்கமும் சத்தியவேடு பக்கமும் வரிசைகட்டிப் போவதைப் பார்த்தவர்கள் இந்த எண்ணோடு சண்டைக்குப் போகமாட்டார்கள்.

அதே ஆந்திரத்தில் 2023-24 கணக்கெடுப்பின்படி வேலையின்மை 4.1 சதவீதம், தமிழ்நாட்டில் 3.5. பஸ்ஸில் போகிறவர்களில் கும்மிடிப்பூண்டியிலிருந்தும் ஊத்துக்கோட்டையிலிருந்தும் வருகிறவர்களும் உண்டு. இவர்கள் வேலை பார்ப்பது ஆந்திரத்தில். கணக்கில் ஏறுவதோ தமிழ்நாட்டில். கணக்கெடுப்பு வீட்டைத்தான் தட்டும், தொழிற்சாலை கேட்டைத் தட்டாது. ஆகவே ஸ்ரீ சிட்டியில் உருவாகும் வேலை ஒவ்வொன்றும் ஆந்திரத்தின் விகிதத்தைக் குறைக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவோம். தொழிற்சாலை வேலைகளில் 75 சதவீதம் உள்ளூர்க்காரர்களுக்கே என்று ஆந்திர சட்டசபை 2019 ஜூலையில் ஒரு சட்டம் நிறைவேற்றியதே, அதன் பின்னணியில் இருந்ததும் இதுதான்: நம் மண்ணில் வேலை, யார் வீட்டில் சம்பளம்?

விடுதியில் தங்கி வேலை பார்க்கும் பெண்கள் கதை இன்னும் வேடிக்கை. மாதிரிக் கணக்கெடுப்பின் விதிப்படி, ஹாஸ்டலில் இருக்கும் ஒவ்வொருவரும் ஒரு தனிக் ‘குடும்பம்’. ஓர் அறையில் ஆறு பேர் படுத்திருந்தால், அங்கே ஆறு குடும்பங்கள் குடித்தனம் நடத்துவதாகக் கணக்கு!

ஒரு வீடு, ஐந்து பதில்கள்

இனி ஒரு வீட்டுக்குள் போவோம். இது கற்பனை வீடு. ஆனால் சத்தியவேடு பக்கம் ஒரு நாள் சுற்றினால், இந்த வீட்டைப்போல நாலு வீட்டையாவது பார்த்துவிடலாம்.

அப்பாவுக்கு ஒன்றரை ஏக்கர். இந்த வாரம் தண்ணீர் இல்லை. ஒரு நாள் காலை போய் வரப்பை வெட்டிச் சரிசெய்துவிட்டு வந்தார். மற்ற நாள்களில் டீக்கடை. அம்மாவுக்கு இரண்டு மாடு. பெரிய மகள் செல்போன் கம்பெனியில் லேபர் சப்ளையர் மூலமாக எட்டு மாதம் வேலை பார்த்தாள். போன மாதம் ‘பிரேக்’ கொடுத்து அனுப்பிவிட்டார்கள். மறுபடி கூப்பிடுவார்கள் என்று காத்திருக்கிறாள். மூத்த மகன் டிப்ளமோ முடித்துவிட்டு ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிஸ். இளையவன் பி.இ. குரூப் தேர்வுக்கும் வங்கித் தேர்வுக்கும் படித்துக்கொண்டிருக்கிறான்.

கள ஊழியர் வருகிறார். அம்மாதான் வீட்டில்.

அப்பா? 11. சர்ச்சைக்கே இடமில்லை. கடந்த ஏழு நாளில் ஏதாவது ஒரு நாள், ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலும் அந்த வாரக் கணக்கில் அவர் வேலையில் இருப்பவர். வரப்பு வெட்டிய ஒரு காலைப்பொழுது போதும். இந்த ஒரு மணி நேர விதியை நம்மூர் அதிகாரிகள் தாங்களாகக் கண்டுபிடிக்கவில்லை. சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் புள்ளியியலாளர் மாநாடு 1982-ல் வகுத்தது. சுத்தமாக வேலையே கிடைக்காத நிலையைத்தான் வேலையின்மை என்று அளப்பது, அரைகுறை வேலையை வேறு அளவுகோலால் அளந்துகொள்வது என்பது அவர்கள் ஏற்பாடு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் முதல் அளவு தலைப்புச் செய்தியாகிறது. இரண்டாவது அளவு அறிக்கையின் பின்னிணைப்பில் தூங்குகிறது.

மூத்த மகன்? உதவித்தொகை வாங்கும் அப்ரண்டிஸ் மாதச் சம்பளக்காரர் கணக்கில் சேர்வார்: 31. ஆனால் 1961-ம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தைப் புரட்டினால், அவர் பயிற்சி பெறுபவர், தொழிலாளி ஆகமாட்டார் என்று எழுதியிருக்கிறது. ஆகவே பி.எஃப். கணக்கில் அவர் இல்லை. ஒரே பையன் ஓர் அலுவலகத்தின் பார்வையில் நிரந்தரச் சம்பளக்காரர்களோடு உட்கார்ந்திருக்கிறான், இன்னொரு அலுவலகத்தின் பதிவேட்டில் ஆளே இல்லை.

பெரிய மகள்தான் இந்த வீட்டின் புதிர். கணக்கெடுப்பில் இரண்டு கடிகாரம் ஓடுகிறது. ஒன்று கடந்த 365 நாளைப் பார்க்கும் ‘வழக்கமான நிலை’. வருடத்தின் பெரும்பகுதி எதில் கழிந்ததோ அதுதான் உங்கள் நிலை. பெரும்பகுதி வேலை இல்லாமல் இருந்தாலும், துணை வேலையாக முப்பது நாள் எதையாவது செய்திருந்தால் அதையும் சேர்த்துக்கொள்வார்கள். மற்றது கடந்த ஏழு நாளை மட்டும் பார்க்கும் ‘நடப்பு வார நிலை’. எட்டு மாதம் வேலை பார்த்தவள், முதல் கடிகாரத்தில் வேலையில் இருக்கிறாள். போன வாரம் முழுக்க வீட்டில் இருந்தவள், இரண்டாவது கடிகாரத்தில் வேலையற்றவள். நாட்டின் வேலையின்மை 3.2 சதவீதம் என்று ஒருவரும், 5 சதவீதத்துக்கு மேல் என்று இன்னொருவரும் சொல்லி இருவருமே பொய் சொல்லாமல் இருக்க முடிவது இவளைப்போன்ற லட்சக்கணக்கான பெண்களால்தான்.

இளையவன்? “வேலை கிடைச்சா போவானாம்மா?” என்று கேட்டு, “போவான்” என்று அம்மா சொன்னால் அவன் வேலையற்றவன். இந்தியக் கணக்கில் வேலை தேடி அலைந்திருக்கவேண்டும் என்றுகூட இல்லை, வேலைக்குத் தயாராக இருந்தாலே போதும். இந்த விஷயத்தில் நம் விதி அமெரிக்க விதியைவிடத் தாராளமானது. அங்கே நான்கு வாரத்துக்குள் தேடியிருந்தால்தான் எண்ணுவார்கள். “தேர்வு முடியிற வரைக்கும் எதுக்கும் போகமாட்டான்” என்று அம்மா சொல்லிவிட்டால்? அவன் உழைப்பாளர் அணியிலிருந்தே நீங்கிவிடுவான். வேலையற்றவனாகக்கூட எண்ணப்படமாட்டான்.

கடைசியாக அம்மா. “நீங்க என்னம்மா பண்றீங்க?”

“நான் என்ன பண்றேன், வீட்டுல சும்மாதான் இருக்கேன்.”

நான்கு மணிக்கு எழுந்து சாணி அள்ளி, பால் கறந்து, புல் அறுத்து வந்த அம்மா சொல்லும் பதில் இது. ஊழியர் அவசரக்காரராக இருந்தால் 92 என்று அழுத்திவிட்டுப் போய்விடுவார். கெட்டிக்காரராக இருந்தால், “மாடு யாரும்மா பார்க்கிறாங்க?” என்று இன்னொரு கேள்வி கேட்பார். உடனே அம்மா வேலையில் இருப்பவராக மாறிவிடுவார். விதி அப்படி: சொந்த உபயோகத்துக்கே ஆனாலும் பால் கறப்பது பொருளாதார நடவடிக்கை. அதே பாலை வீட்டுக்காகத் தோய்த்துத் தயிராக்கினால் அது பொருளாதார நடவடிக்கை ஆகாது! மோர் கடைகிற கைக்குப் பொருளாதாரத்தில் இடம் எங்கே என்று கேட்காதீர்கள்.

இப்போது கூட்டிப் பார்ப்போம். வேலையின்மை விகிதத்தில் வகுக்கும் எண் மக்கள்தொகை அல்ல என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். வேலையில் இருப்பவர்களையும் வேலை வேண்டும் என்பவர்களையும் கூட்டி வருவதுதான் வகுக்கும் எண். ஆண்டுக் கடிகாரத்தில், ஐந்து பேரும் கணக்கில் இருந்து இளையவன் மட்டும் வேலையற்றவன் என்றால் 20 சதவீதம். அம்மா ‘சும்மா’ என்று எழுதப்பட்டால் நாலில் ஒருவர், 25 சதவீதம். அம்மாவைச் சேர்த்து, இளையவன் தேர்வுக்காக விலகி நின்றால் பூஜ்யம். வாரக் கடிகாரத்துக்கு வந்தால் மகளும் இளையவனுமாக ஐந்தில் இருவர், 40 சதவீதம். அம்மாவும் சும்மா என்றால் 50.

ஒரே வீடு, ஒரே வாரம், ஒரே சமையல். பூஜ்யத்திலிருந்து ஐம்பது வரை எந்த எண் வேண்டுமானாலும் நியாயமாகவே வரும்.

ஐம்பது வருடத்துக்கு முந்தைய எச்சரிக்கை

இது யாருக்கும் தெரியாத ரகசியமில்லை. ஐந்தாண்டுத் திட்டங்களின் காலத்தில், திட்டம் தொடங்கும்போதும் முடியும்போதும் வேலையில்லாதவர் இத்தனை கோடி என்று ஒற்றை எண் கொடுக்கிற வழக்கம் இருந்தது. அந்த எண்கள் எப்படி வந்தன என்று ஆராய எம்.எல்.தாந்த்வாலா தலைமையில் திட்டக் கமிஷன் ஒரு குழு அமைத்தது. 1970-ல் அறிக்கை தந்த குழு, இந்தியா மாதிரி நாட்டில் வேலையின்மையை ஒற்றை எண்ணில் அடக்குவதே தப்பு என்றது. மாதச் சம்பளக்காரருக்குப் பொருந்தும் அளவுகோல், சொந்த நிலத்தில் பாதி நாள் உழைத்து மீதி நாள் கூலிக்குப் போகிறவருக்குப் பொருந்தாது என்பது அவர்கள் வாதம். அந்த வழியில்தான் 1972-73-ல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு ஆண்டு, வாரம், நாள் என்று பல கோணங்களில் அளக்கத் தொடங்கியது.

அதே காலத்தில் பொருளாதார அறிஞர் ராஜ் கிருஷ்ணா, ஒருவர் வேலையற்றவரா என்பதை நாலு விதமாகக் கேட்கலாம் என்று எழுதினார். வேலை நேரம் போதவில்லையா, வருமானம் போதவில்லையா, இன்னும் உழைக்க விருப்பமிருந்தும் வழியில்லையா, அவர் விலகினாலும் உற்பத்தி குறையாதா? (இந்திய வளர்ச்சிக்கு ‘இந்து வளர்ச்சி விகிதம்’ என்று கிண்டலாகப் பெயர் வைத்தவரும் இவரே.) நாலையும் நம் டீக்கடை அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். நாலுக்கும் தலையாட்டுவார். ஆனாலும் அவர் 11.

நிபுணர்கள் ஒற்றை எண்ணைக் கைவிடச் சொன்னார்கள். அரசியலும் பத்திரிகையும் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டன. அதன் உச்சம் 2019. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடந்த பழைய கணக்கெடுப்புக்குப் பதிலாக 2017-ல் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு தொடங்கியிருந்தது. அதன் முதல் அறிக்கைக்குத் தேசியப் புள்ளியியல் ஆணையம் ஒப்புதல் தந்தும் அது வெளிவரவில்லை. 2019 ஜனவரி கடைசியில் ஆணையத்தின் பொறுப்புத் தலைவர் பி.சி.மோகனனும் உறுப்பினர் ஜே.வி.மீனாட்சியும் ராஜினாமா செய்தார்கள். இரண்டொரு நாளில் ‘பிசினஸ் ஸ்டாண்டர்டு’ நாளிதழ் அறிக்கையின் சாரத்தை வெளியிட்டது: வேலையின்மை 6.1 சதவீதம், 45 ஆண்டுகளில் இல்லாத அளவு. அது இறுதி அறிக்கை அல்ல என்று நிதி ஆயோக் மறுத்தது. தேர்தல் முடிந்து மே 30 அன்று புதிய அரசு பதவியேற்றது. மே 31 அன்று அறிக்கை வெளியானது. எண் அதேதான். 6.1.

அரசுத் தரப்பில் சொன்ன ஒரு வாதத்தை மட்டும் ஒதுக்கிவிட முடியாது. பழைய கணக்கெடுப்பில் வீடுகளை வசதியை வைத்துப் பிரித்து மாதிரி எடுத்தார்கள். புதியதில், பத்தாம் வகுப்பு தாண்டியவர்கள் எத்தனை பேர் என்பதை வைத்துப் பிரித்தார்கள். படித்தவர்கள்தான் வேலைக்குக் காத்திருக்கிறவர்கள். ஆகவே 2011-12-ன் 2.2 சதவீதத்தோடு 6.1-ஐ நேராக ஒப்பிடுவதில் சிக்கல் உண்டு. அதைச் சொல்லி அறிக்கையை உடனே வெளியிட்டிருக்கலாம். பூட்டி வைத்ததால் நியாயமான வாதமும் சால்ஜாப்பாகிப்போனது.

எண்ணோடு அதிகாரத்துக்கு வரும் கோபம் நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. 2025 ஆகஸ்ட் 1 அன்று, வேலைவாய்ப்புக் கணக்கு பிடிக்காத டிரம்ப், அமெரிக்கத் தொழிலாளர் புள்ளியியல் அமைப்பின் தலைவர் எரிகா மெக்என்டார்ஃபரை அன்றைக்கே வேலையிலிருந்து நீக்கினார். வேலையின்மையை அளந்தவருக்கே வேலை போயிற்று.

ஊரடங்கில் குறைந்த விந்தை

அளவுகோல் என்ன செய்யும் என்பதற்கு 2020-ஐவிட நல்ல பாடம் இல்லை. சென்னையிலிருந்து வடக்கே ஊர் நோக்கி மூட்டை முடிச்சோடு ஜனங்கள் நடந்தது இந்தத் தடா நெடுஞ்சாலையில்தான். தனியார் அமைப்பான சி.எம்.ஐ.இ., அந்த ஏப்ரலில் வேலையின்மை 23.5 சதவீதம் என்றது. அவர்கள் கேட்பது அன்றைய நாளின் நிலையை. அரசின் வாரக் கடிகாரமும் அந்த ஏப்ரல்-ஜூனில் நகரங்களில் 20.8 சதவீதம் காட்டியது. ஆண்டுக் கடிகாரம்? 2018-19-ல் 5.8 சதவீதமாக இருந்தது, ஊரடங்கையும் உள்ளடக்கிய 2019-20-ல் 4.8 ஆகக் குறைந்தது!

யாரும் மோசடி செய்யவில்லை. ஜூலை முதல் ஜூன் வரையான கணக்கில் ஊரடங்கு வந்தது கடைசி மூன்று மாதம். ஊர் திரும்பியவர் அப்பாவின் ஒன்றரை ஏக்கரில் மண்வெட்டியோடு இறங்கினால் உடனே வேலையில் இருப்பவர் ஆகிவிடுவார். நாட்டு உழைப்பாளரில் விவசாயத்தில் இருப்பவர்களின் பங்கு அந்த ஒரே ஆண்டில் 42.5 சதவீதத்திலிருந்து 45.6-க்கு ஏறியது. தொழில்மயமாகிற நாட்டில் இந்தப் பங்கு இறங்கத்தான் வேண்டும். நம் நாட்டில் 2023-24-ல் அது 46.1.

காத்திருக்க வசதி வேண்டும்

2023-24 கணக்கெடுப்பின்படி கேரளத்தில் வேலையின்மை 7.2 சதவீதம். மத்தியப் பிரதேசத்தில் 1. வேலை தேடி யாரும் கொச்சியிலிருந்து போபாலுக்கு ரயில் ஏறியதாகத் தெரியவில்லை. ரயில்கள் எதிர்த்திசையில்தான் நிரம்பி வருகின்றன.

காரணம் எளிது. வேலையற்றவராக இருப்பதற்கு யாராவது சோறு போட வேண்டும். அப்பா அனுப்பும் துபாய் பணமோ, அம்மாவின் பென்ஷனோ பின்னால் இருந்தால்தான் படிப்புக்கேற்ற வேலை வரும்வரை பொறுத்திருக்கலாம். அடுப்பு இன்றைக்கே எரிய வேண்டிய வீட்டில் காத்திருப்பு கிடையாது. கிடைத்த கூலிக்குப் போவார்கள், அல்லது தள்ளுவண்டி போடுவார்கள். கணக்கில் வேலையின்மை குறையும். ஆகவே இந்த விகிதம் வேலை எவ்வளவு இருக்கிறது என்பதைக் காட்டுவதைவிட, காத்திருக்க எத்தனை பேருக்கு வசதி இருக்கிறது என்பதையே அதிகம் காட்டுகிறது என்பேன். படித்த இளைஞர்களிடம் அது உயரமாக நிற்பதும் இதனால்தான். 15 முதல் 29 வயதுக்காரர்களிடம் 10.2 சதவீதம்.

நம் மொழியே இதற்குச் சாட்சி. கூலி வேறு, வேலை வேறு, உத்தியோகம் வேறு. ‘உத்தியோகம் புருஷ லட்சணம்’ என்று சொன்ன சமூகம், ஏர் ஓட்டியவனை மனதில் வைத்து அதைச் சொல்லவில்லை. இன்றைக்கும் மாதம் பன்னிரண்டாயிரத்துக்குக் கடையில் நிற்கிற பி.இ. பட்டதாரியின் தாய், “பையன் இன்னும் வேலை இல்லாமத்தான் இருக்கான்” என்பார். ஆந்திர எல்லையில் இதையே தெலுங்கு வாடையோடு, “காலியா இருக்கான்” என்பார்கள். வேலைவாய்ப்பு அலுவலகப் பதிவேடு இந்த அர்த்தத்தில் எழுதப்பட்ட ஆவணம். தமிழ்நாட்டில் 2022-ல் பதிவுதாரர் எண்ணிக்கை எழுபது லட்சத்தைத் தாண்டியிருந்தது. அவர்களில் ஏதோ ஒரு வேலை பார்த்தபடியே அரசு உத்தியோகத்துக்காகப் பதிவைப் புதுப்பித்துக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். கணக்கெடுப்பு அவர்களை வேலையில் இருப்பவர்கள் என்கிறது, அவர்களோ தங்களை வேலையில்லாதவர்கள் என்கிறார்கள்.

பெண்கள் விஷயத்தில் ‘சும்மா’ என்ற சொல்லே எண்ணைப் புரட்டிப்போடும். உழைப்பாளர் அணியில் பெண்களின் பங்கேற்பு 2017-18-ல் 23.3 சதவீதம். 2023-24-ல் 41.7. ஆறு வருடத்தில் இப்படி ஒரு பாய்ச்சல். ஸ்ரீ சிட்டி பஸ்களில் போகிற பெண்களை நினைத்துக்கொண்டு இந்த எண்ணைப் படித்தால் மனம் குளிரும். ஆனால் வேலையில் இருக்கும் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு சுயதொழில் கணக்கில் வருகிறவர்கள். அதில் சம்பளமில்லாத 21-களும் அடக்கம். பெண்கள் புதிதாக வேலைக்கு வந்தார்களா, அல்லது “மாடு யாரும்மா பார்க்கிறாங்க?” என்ற இரண்டாவது கேள்வியை ஊழியர்கள் ஒழுங்காகக் கேட்கத் தொடங்கினார்களா என்று ஆய்வாளர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். என் ஊகம், இரண்டும் கொஞ்சம் கொஞ்சம்.

கையெழுத்தும் கை எண்ணிக்கையும்

வேலை எண்கள் வரும் இன்னொரு வழி, அடிக்கல் நாட்டு விழா. 2025 மே 8 அன்று ஸ்ரீ சிட்டியில் எல்.ஜி. ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். 5,000 கோடி ரூபாய்க்கு மேல் முதலீடு, நேரடி வேலை சுமார் 1,500 என்று அறிவித்தார்கள். வகுத்துப் பாருங்கள், ஒரு வேலைக்கு மூன்று கோடிக்கு மேல். ஆலை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. ஏசியும் ஃபிரிட்ஜும் செய்யும் நவீன ஆலை அப்படித்தான் இருக்கும், சுற்றிலும் உதிரிபாகக் கம்பெனிகளும் லாரிகளும் மெஸ்களும் பெருகும். ஆனால் மேடையில் சொல்லும் எண் வருங்காலத்துக்கு உரியது. அடுத்த மாத வேலையின்மை விகிதத்தில் அதைத் தேடக் கூடாது.

மூன்றாவது வழி பி.எஃப். சம்பளப் பட்டியல். 2018-லிருந்து மாதாமாதம், இத்தனை லட்சம் பேர் புதிதாகச் சேர்ந்தார்கள் என்று வெளியிடுகிறார்கள். தலைப்புகள் அதை ‘புதிய வேலைகள்’ என்று மொழிபெயர்த்துவிடுகின்றன. பத்தொன்பது பேர் வேலை பார்த்த பட்டறையில் இருபதாவது ஆள் சேர்ந்தால், சட்டம் அங்கே நுழைகிறது. அன்றைக்குப் பட்டியலில் ஏறுவது இருபது பேர். புதிய வேலை என்னவோ ஒன்றுதான்.

நம் பத்திரிகைத் தொழிலின் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். 2025-லிருந்து வேலையின்மை விகிதம் மாதாமாதம் வருகிறது. அதுவும் வாரக் கடிகாரத்தில். முதலில் வந்த ஏப்ரல் மாத எண் 5.1, மே 5.6. அறுவடை முடிந்த கோடையில் கூலி வேலை குறையும் என்பது கிராமத்தில் பிறந்த எவருக்கும் தெரியும். ஆனால் ‘ஒரே மாதத்தில் 10 சதவீதம் எகிறியது’ என்று எழுதவும் கை பரபரக்கும். அரை சதவீதப் புள்ளி உயர்வை, பழைய எண்ணுக்கு விகிதம் போட்டால் பத்து சதவீதம் வந்துவிடும் அல்லவா? மாதிரிக் கணக்கெடுப்பில் தசமத்துக்குப் பின்னால் ஒரு புள்ளி ஆடுவது தராசு முள் காற்றில் ஆடுவது மாதிரி. அதற்கு ஒரு தலைப்பு, ஒரு விவாதம், நாலு நிபுணர்கள். இதைவிடப் பெரிய பிழை, ஆண்டுக் கடிகாரத்தின் 3.2-ஐயும் வாரக் கடிகாரத்தின் 5.1-ஐயும் ஒரே கோட்டில் வைத்து வரைபடம் போடுவது. மகளை முதலில் வேலையில் வைத்துவிட்டு, பிறகு அதே மகளை வேலையற்றவள் ஆக்கி, வேலை போய்விட்டது என்று கூவுவதற்குச் சமம் அது.

நல்ல மாற்றமும் நடந்திருக்கிறது. முன்பு நாடு முழுக்க ஏறத்தாழ ஒரு லட்சம் வீடுகளைப் பார்த்தார்கள். 2025 ஜனவரியிலிருந்து 2.72 லட்சம் வீடுகள். மாதிரி எடுப்பதற்கு மாவட்டமே அடிப்படை அலகாகியிருக்கிறது. கிராமத்து வீட்டை ஒரே ஒரு முறை எட்டிப்பார்த்த காலம் போய், தேர்ந்தெடுத்த வீட்டுக்குத் தொடர்ந்து நாலு மாதம் போகிறார்கள்.

நம் கற்பனை வீட்டுக்கும் கள ஊழியர் அடுத்த மாதம் வருவார். அதற்குள் சப்ளையரிடமிருந்து போன் வந்திருக்கும். திங்கள்கிழமையிலிருந்து இரவு ஷிஃப்ட். மகள் பஸ் ஏறியிருப்பாள்: 31. மூன்றாவது மாதமும் 31. நாலாவது மாதம் ஆர்டர் குறைந்து மறுபடி பிரேக் கொடுத்தால் 81. ஊழியர் நிமிர்ந்து, “நீங்கம்மா?” என்பார். அம்மா புல்லுக்கட்டை இறக்கி வைத்தபடி, போன மூன்று மாதமும் சொன்ன அதே பதிலைச் சொல்வார்.